ஸ்டோரிவீவர் தமிழ்க் கதைகள்: வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு எந்த அளவு கைகொடுக்கும்?

பெங்களூரிலிருந்து இயங்கும் பிரதம் புக்ஸ் என்ற லாபநோக்கற்ற பதிப்பகம் 2015-ல் தொடங்கிய இணையக் கதை நூலகம்தான் ஸ்டோரிவீவர். எல்லாம் இலவசம். தமிழ் உட்பட ஏராளமான மொழிகளில் படக்கதைகள் கிடைக்கின்றன. அந்த நூலகம் முழுவதையும் எடைபோட இங்கே இடமில்லை. எழுத்துகள் தெரிந்தும் வாக்கியம் ஓடாத பிள்ளைகளை வாசிக்கப் பழக்கும் ஒரே ஒரு வேலைக்கு அது எப்படி உதவுகிறது என்று மட்டும் பார்க்கலாம். பெரும்பாலும் இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள். எடுத்துக்கொண்ட கதைகளும் ஒரே வகை: அன்றாடச் சிக்கல் கதைகள். செருப்பு தொலைந்துபோவது, பல் ஆடுவது, தம்பி அழுகையை நிறுத்தாதது, காய்த்த வாழைப்பழத்தை வாங்க ஆளில்லாதது, இப்படி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கதைகளின் சரக்கு நன்றாக இருக்கிறது. கதை எவ்வளவு கடினம் என்று காட்டத் தமிழில் போட்டிருக்கும் நிலை எண்ணை நம்ப முடியாது. மொழிபெயர்ப்பின் தரம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. சலித்து எடுக்க அரை மணி நேரம் ஒதுக்கும் ஆசிரியருக்கு இது பெரிய உதவி. காலையில் பெல் அடித்த பிறகு போனைத் திறந்து எதையாவது ஓட்டிக்காட்ட நினைப்பவருக்குத் தலைவலிதான்.

சிக்கல் கதையை ஏன் தேட வேண்டும்? ராஜா ராணிக் கதை பெரும்பாலும் ‘ஒரு ஊரில்’, ‘பிறகு’, ‘அப்போது’ என்றே நகர்ந்துவிடும். சிக்கல் கதைக்கு அது போதாது. ‘வேண்டும்’ என்று தொடங்கி, ‘ஆனால்’ என்று தடுக்கி, ‘முடியவில்லை’ என்று நின்று, ‘அதனால்’ என்று வேறு வழியில் திரும்பி, ‘இருந்தாலும்’ என்று விடாமல் போக வேண்டும். தமிழில் பத்தி படித்துப் புரிந்துகொள்ளத் தேவையான இணைப்புகள் இவைதாம். ‘மழ பெஞ்சா வரமாட்டேன்’ என்று வாயால் தடையில்லாமல் சொல்லும் பிள்ளை, ‘மழை பெய்தால் வரமாட்டேன்’ என்று அச்சில் பார்க்கும்போது ‘பெய்தால்’ என்ற இடத்தில் நிற்கும். அர்த்தம் தெரியாமல் நிற்பதில்லை. காதில் கேட்ட வடிவமும் கண்ணில் படும் வடிவமும் வேறு என்பதால் நிற்கிறது. சிக்கல் கதையில் அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடிவதால் அந்த இடைவெளியைப் பிள்ளையே தாண்டிவிடும். அரண்மனைக் கதையில் ஊகிக்கப் பிடி கிடைப்பதில்லை.

இந்த நூலகத்தில் இதற்கு ஆகச் சிறந்த உதாரணம் ரோகிணி நீலேகணி எழுதிய சிருங்கேரி சீனிவாசன் என்ற விவசாயியின் கதை வரிசை. அதில் ஆண்டுக்கு ஒரே ஒரு முறை முடி வெட்டிக்கொள்ளும் கதையை 2012 உலக எழுத்தறிவு நாளை ஒட்டி நாட்டின் பல ஊர்களில் ஒரே நாளில் தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார்கள். கதை இவ்வளவுதான்: நீண்டு வளர்ந்த முடியை வெட்டிக்கொள்ளக் கிளம்புகிறார். முடி வெட்டுபவருக்கு நேரமில்லை. மனைவிக்கு நேரமில்லை. தையல்காரருக்கு நேரமில்லை. தச்சருக்கும் நேரமில்லை. கடைசியில் காட்டுப் பக்கம் போகிறார், அங்கே புலி.

வாசிப்புப் பயிற்சிக்கு இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். முதல் மறுப்பை ஆசிரியர் வாசிக்கிறார். இரண்டாவது மறுப்பில் அதே வாக்கியம் மறுபடி வருவதைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். மூன்றாவதில் பக்கத்தைத் திருப்பும் முன்பே ‘நேரமில்லை’ என்று வகுப்பு கத்துகிறது. இதற்குள் அந்தச் சொல் இரண்டு முறை கண்ணில் பட்டுவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஆள் மாறுகிறார், தொழில் மாறுகிறது, கையில் இருக்கும் கருவியும் மாறுகிறது. தெரிந்த சொற்களுக்கு நடுவே ஒரே ஒரு புதுச்சொல் வந்து நிற்கிறது. தடுமாறும் வாசகருக்கு வேண்டிய அளவு இதுதான். ஒரே வரியில் நான்கு புதுச்சொல் வந்தால் பிள்ளை வாசிப்பதை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்துச் சொந்தக் கதை சொல்லத் தொடங்கிவிடும்.

இன்னொன்று, கதையில் யாரும் கெட்டவர் இல்லை. எல்லோருக்கும் வேலை இருக்கிறது, அவ்வளவுதான். ‘ஏன் வெட்டிவிடவில்லை?’ என்று கேட்டால் பிள்ளை ‘ஏனென்றால்’ என்று தொடங்கிக் காரணம் சொல்லியாக வேண்டும், ‘அவர் கெட்டவர்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நீதிக்கதைகளில் இந்த வாய்ப்பு இல்லை.

இனி குறைகள். முதலில் நிலை எண்.

ஸ்டோரிவீவர் கதைகளை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலை 250 சொல்லுக்குள், எளிய சொற்கள், திரும்பத் திரும்ப வரும் வரிகள். இரண்டாம் நிலை 600 சொல் வரை. மூன்றாம் நிலை 1500 வரை. அதற்கு மேல் போனால் நான்காம் நிலை. அட்டையிலேயே எண் இருக்கும், தேடும்போது வடிகட்டியும் பார்க்கலாம். சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான தமிழ்க் கதைகள் வேறு மொழியிலிருந்து, அதிகமும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. நிலை எண்ணும் கூடவே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எட்டுச் சின்னச் சொற்களில் வரும் வாக்கியம் தமிழில் ‘அவளால் வீட்டிற்குத் திரும்பிப் போக முடியவில்லை’ என்று ஐந்து சொல்லில் முடிந்துவிடும். எண்ணிப் பார்த்தால் தமிழ்ப் பக்கம் சுருங்கியிருக்கும், வாசிக்கும் பிள்ளைக்கோ பாரம் கூடியிருக்கும். ‘சொல்லிக்கொண்டிருந்தாள்’ கணக்குக்கு ஒரு சொல், கண்ணுக்குப் பதினோரு எழுத்து. ‘கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்’ பதினைந்து எழுத்து. முதல் நிலைக் கதையில் இப்படி ஒன்று வந்தால் அந்தப் பக்கமே படுத்துவிடும்.

ஆகவே எண்ணை விட்டுவிட்டு இப்படிச் சோதிப்பது நல்லது. கதையின் நடுவிலிருந்து மூன்று பக்கங்களை எடுங்கள். முதல் பக்கம் வேண்டாம், அது எப்போதும் எளிதாகவே இருக்கும். புள்ளி எழுத்தையும் சேர்த்து ஆறு எழுத்துக்கு மேற்பட்ட சொற்களை எண்ணுங்கள். பக்கத்துக்கு ஒன்றுக்கு மேல் வந்தால் அதை முதல் நிலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அட்டையில் என்ன எண் போட்டிருந்தாலும் சரி. இரண்டு மூன்று வந்தால் மூன்றாம் வகுப்பில் சரளமாகப் படிக்கும் பிள்ளைக்கு ஆகும். அதற்கும் மேல் என்றால் ஆசிரியர் வாசிக்க, பிள்ளைகள் கேட்கும் கதையாக வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கில வகுப்புகளில் ‘ஐந்து விரல் விதி’ என்று ஒன்று புழக்கத்தில் உண்டு: ஒரு பக்கத்தில் தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கு, ஐந்தும் மடங்கினால் புத்தகத்தை மாற்று. இதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். பக்கத்துக்கு இருபது சொல்கூட இல்லாத படக்கதையில் ஐந்து தெரியாத சொல் என்றால் கால்வாசி போய்விடுகிறது, கதையில் மிச்சம் என்ன இருக்கும்? தமிழ்ப் படக்கதைக்கு இரண்டு விரலோடு நிறுத்திக்கொள்வதுதான் சரி.

அடுத்தது எழுத்தின் தோற்றம். இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சிக்கல் கதைகளில் அடிக்கடி வரும் சொற்களைப் பட்டியலிட்டால் போனான், தொலைந்தது, கொடு, கோபம், தேடினாள், கேட்டாள் என்று ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் வரிசைகட்டி நிற்கும். ‘போனான்’ என்பதில் பிள்ளையின் கண்ணில் முதலில் படுவது ‘பே’. வாயும் ‘பே’ என்று தொடங்கிவிடும். பின்னால் வரும் துணைக்காலைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் ‘பேனான்’ என்று முடிக்கும். ‘தொலைந்தது’ இதே வழியில் ‘தெலைந்தது’ ஆகும். இது கவனக்குறைவு இல்லை. இடமிருந்து வலம் ஒழுங்காக வாசித்ததால் வந்த பிழை. கொம்பைப் பார்த்ததும் வாயைத் திறக்காமல், எழுத்தைத் தாண்டி அந்தப் பக்கம் கால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லும் பழக்கத்தைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். கதையைத் தொடங்கும் முன் அதிலிருந்தே இப்படிப்பட்ட ஐந்து சொற்களைக் கரும்பலகையில் எழுதி, கொம்புக்கும் காலுக்கும் ஒரே வண்ணச் சாக்பீஸ் போட்டால் வேலை பாதி முடிந்தது.

இதில் ஸ்டோரிவீவரின் பங்கு என்ன? போன் திரையில் பார்க்கும்போது எழுத்து மிகச் சிறியதாகிவிடுகிறது. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உள்ள வேறுபாடு மேலே இருக்கும் ஒரு சின்னச் சுழி மட்டுமே. எழுத்து சிறுத்தால் அந்தச் சுழி அடைந்துபோகும். ‘ர’வும் காலும் பல எழுத்துருக்களில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், ‘தராமல்’ போன்ற சொற்களில் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். பக்கங்கள் பெரும்பாலும் அகல வாக்கில் வடிவமைக்கப்பட்டவை, எனவே போனைப் படுக்கைவசமாகப் பிடிப்பது கட்டாயம். ஒரு போனைச் சுற்றி நான்கு பிள்ளைக்கு மேல் உட்காரவைத்தால் பின்னால் இருப்பவர்கள் படம்தான் பார்ப்பார்கள். வாசிப்பு நடக்காது.

மொழிபெயர்ப்பு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஸ்டோரிவீவரில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி ஒரு கதையை மொழிபெயர்த்து வெளியிடலாம். அதன் பலமும் பலவீனமும் இதுதான். பதிப்பகமே ஆசிரியர் குழு வைத்துச் செம்மைப்படுத்திய கதைகளும், யாரோ ஒருவர் ஆர்வத்தில் ஒரே மாலையில் முடித்துப் போட்ட கதைகளும் ஒரே தேடலில் பக்கம்பக்கமாக வரும். வெளியீட்டாளர் பெயர் என்ன என்று பார்த்துவிட்டுத் திறப்பது முதல் வடிகட்டி. பெயர் இருந்தாலும் இரண்டு பக்கம் உரக்க வாசித்துப் பார்ப்பது இரண்டாவது.

உரக்க வாசித்தால் பிழைகள் தாமாகவே கேட்கும். ஒவ்வொரு வாக்கியமும் ‘அவன்’, ‘அவள்’ என்று தொடங்குவது ஒன்று. தமிழில் வினைமுற்றே ஆண், பெண் சொல்லிவிடும்போது இத்தனை ‘அவள்’ எதற்கு? கதவு ‘திறக்கப்பட்டது’, சோறு ‘சாப்பிடப்பட்டது’ என்று வருவது இன்னொன்று. அதைவிட மோசமானது நடை மாறுவது. ஒரே ஆள் ஒரு பக்கத்தில் ‘நான் வரவில்லை’ என்றும் அடுத்த பக்கத்தில் ‘நா வரல’ என்றும் பேசினால் வாசிக்கத் தடுமாறும் பிள்ளை இரண்டையும் வெவ்வேறு சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். பேச்சுநடையில் உரையாடல் இருப்பது தப்பே இல்லை, பல இடங்களில் அதுதான் நல்லது. ஆனால் ஒருமுறை தேர்ந்தெடுத்த நடை கடைசிப் பக்கம் வரை நிற்க வேண்டும். மேற்கோள் குறிக்குள் பேச்சுநடை, வெளியே எழுத்துநடை என்று ஒழுங்காகப் பிரித்திருக்கும் கதைகளைக் கண்டால் உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் கதைகளும் நிறைய உண்டு. தென்னாப்பிரிக்காவின் புக் டேஷ் என்ற அமைப்பில் எழுத்தாளர், ஓவியர், வடிவமைப்பாளர் எல்லோரும் தன்னார்வலர்களாக ஒரே நாளில் உட்கார்ந்து ஒரு படக்கதையை முடிப்பார்கள். அந்தக் கதைகள் திறந்த உரிமத்தில் வருவதால் இங்கேயும் இடம்பெற்றிருக்கின்றன. ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் என்ற இலவசக் கதைத் திட்டத்தின் கதைகளும் அப்படியே திறந்த உரிமத்தில் வந்தவை. தண்ணீர் எடுக்கப் போவது, பாட்டி வீட்டு வாழைத்தார், பள்ளிக்கு நடக்கும் தூரம் என்று சிக்கல்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. பெயர்கள்தான் தடை. தமிழ்ச் சொல் எதுவும் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காது. ஆப்பிரிக்கப் பெயர்கள் பல ‘ந்’, ‘ம்’ என்று தொடங்கும். முதல் எழுத்திலேயே பிள்ளை நின்றுவிடும். சிலர் இதற்குப் பயந்து பெயரை முருகன், வள்ளி என்று மாற்றிவிடுகிறார்கள். அது வேண்டாம். படத்தில் இருப்பது வேறு ஊர் என்று பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். பெயரைப் பலகையில் எழுதி, மூன்று முறை சேர்ந்து சொல்லிவிட்டுக் கதைக்குள் போனால் போதும்.

தேடும் முறைக்கு வருவோம். மொழியில் தமிழைத் தேர்ந்தெடுத்த பிறகு வகைப்பிரிவில் குடும்பமும் நண்பர்களும், வளரும் பருவம், நகைச்சுவை ஆகியவற்றைத் திறந்தால் சிக்கல் கதைகள் அதிகம் சிக்கும். அவற்றிலும் எல்லாம் ஆகாது. நல்ல சிக்கல் கதைக்கு அடையாளம் இதுதான்: இரண்டாவது பக்கத்துக்குள் தடை என்னவென்று தெரிந்துவிட வேண்டும். குறைந்தது மூன்று முயற்சியாவது நடக்க வேண்டும், அவற்றில் இரண்டு முயற்சியாவது தோற்க வேண்டும். தீர்வு கதையில் வரும் பிள்ளையின் தலையிலோ கையிலோ பிறக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் அப்பாவோ டீச்சரோ வந்து எல்லாவற்றையும் சரிசெய்து, கூடவே நான்கு வரி அறிவுரையும் சொல்லிவிட்டுப் போகும் கதைகள் ஏராளம். அவற்றில் பிள்ளை ஊகிக்க ஒன்றுமே இல்லை. பசி, குடி, சாவு போன்ற பெரிய துயரங்களைப் பேசும் கதைகள் தனி. அவை வேண்டியவைதாம், ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பயிற்சிக்கு அவற்றை எடுக்கக் கூடாது. அந்தக் கதையில் பிள்ளை நிற்கும் இடம் எழுத்தாலா மனத்தாலா என்று யாருக்கும் தெரியாது.

ஒரு பாடவேளைக்கு, நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கதை போதும். அட்டைப் படத்தைக் காட்டி ‘என்ன பிரச்சனையா இருக்கும்?’ என்று கேட்பதற்கு மூன்று நிமிடம். பலகையில் ஐந்து சொல், ஐந்து நிமிடம். பிறகு ஆசிரியர் ஒருமுறை முழுவதையும் வாசிக்கிறார். நிறுத்த வேண்டிய இடம் இரண்டே இரண்டு: தடை தெரிந்தவுடன் ஒன்று, கடைசி முயற்சிக்கு முன் ஒன்று. பக்கத்துக்குப் பக்கம் நிறுத்திக் கேள்வி கேட்டால் கதை அறுந்துவிடும், பிள்ளைகள் ஜன்னலைப் பார்ப்பார்கள். இரண்டாவது வாசிப்பு ஜோடி ஜோடியாக, விரல் வைத்து. மீதி நேரம் எழுத.

இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு ஒன்று உண்டு. திரும்ப வரும் வரிகள் இருப்பதால் இரண்டாவது வாசிப்பில் பல பிள்ளைகள் பார்க்காமலே ஒப்பிப்பார்கள். குரல் கணீரென்று இருக்கும், விரல் வேறு வரியில் இருக்கும். கேட்கும் ஆசிரியருக்கு வகுப்பே வாசிப்பதாகத் தோன்றும். கண்டுபிடிப்பது எளிது: பக்கத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லை மட்டும் தொட்டுக் கேளுங்கள். அல்லது கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிச் சொற்களை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தடுமாறினால் அந்தப் பிள்ளைக்குக் கதை மனப்பாடமாகியிருக்கிறது, எழுத்து இன்னும் ஆகவில்லை. படத்தைக் காகிதத்தால் மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்வதும் உதவும். மனப்பாடமானதைக் குற்றமாகப் பார்க்க வேண்டாம். மனப்பாடமான வரியைச் சொல் சொல்லாக நறுக்கிக் கலைத்துப்போட்டு, திரும்ப அடுக்கச் சொன்னால் அதே வரி எழுத்துப் பயிற்சியாகிவிடும். பேப்பர், கத்தரிக்கோல் தவிர வேறு செலவில்லை.

எழுதும் பகுதிக்கு ஒரு வாக்கியச் சட்டம் போதும்: ‘எனக்கு ____ வேண்டும். ஆனால் ____. அதனால் ____.’ இதை நிரப்பிய பிறகு ‘அப்படியும் முடியவில்லை. பிறகு ____’ என்று நான்காவது வரியைச் சேர்க்கலாம். பிள்ளைகள் அதிகம் குழம்பும் இடம் ‘அதனால்’, ‘ஆனாலும்’ இரண்டும். ‘மழை பெய்தது. ஆனாலும் போனான்’ என்பதும் ‘மழை பெய்தது. அதனால் போகவில்லை’ என்பதும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால் விளக்கமே தேவையில்லை. சொந்தச் சிக்கலை எழுதச் சொல்லும்போது மட்டும் ஜாக்கிரதை. ‘பென்சில் முனை உடைந்தது’, ‘பை ஜிப் வேலை செய்யவில்லை’ என்ற அளவிலான இரண்டு உதாரணங்களை முதலில் கொடுத்துவிட்டால் பிள்ளைகளும் அந்த அளவிலேயே எழுதுவார்கள். யாராவது வீட்டுக் கஷ்டத்தை எழுதிவிட்டால் வகுப்பில் உரக்க வாசிக்கச் சொல்லக் கூடாது, நோட்டை வாங்கி வைத்துத் தனியாகப் பேசுங்கள். ‘கதையின் நீதி என்ன?’ என்ற கேள்வியைத் தயவுசெய்து கேட்க வேண்டாம். சலூனில் நேரமில்லை என்ற கதைக்கு என்ன நீதி சொல்வது?

ஒலியோடு சேர்ந்து வரி ஒளிரும் வாசிப்பு வசதியும் ஸ்டோரிவீவரில் இருக்கிறது. எல்லாக் கதைக்கும் இல்லை. இருந்தாலும் அதை நம்பி வகுப்பை விட்டுவிட முடியாது. பதிவின் வேகத்துக்குத் தடுமாறும் பிள்ளையின் கண் போகாது, காதுதான் போகும். வீட்டில் கேட்க நன்று.

அச்சிட்டுப் பயன்படுத்துவதே எங்கள் பரிந்துரை. கதையைப் பிடிஎஃப் கோப்பாக இறக்கி, ஏ4 தாளில் ஒரு பக்கத்துக்கு இரண்டு கதைப் பக்கம் வரும்படி அச்சிட்டால் எழுத்து இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் போதுமான அளவில் இருக்கும். நான்கு பக்கமாகச் சுருக்கினால் கொம்புச் சுழி பிரச்சனை திரும்ப வந்துவிடும். கறுப்பு வெள்ளையில் அச்சிடும் முன் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். கருநீலத்திலோ பச்சையிலோ வரைந்த படத்தின் மேல் எழுத்து வைத்திருக்கும் கதைகள் ஜெராக்ஸில் கருகிவிடும். வெள்ளைப் பட்டையில் தனியாக எழுத்து வரும் கதைகளே நகலுக்கு ஏற்றவை.

கோப்பின் கடைசியில் படைப்பாளர், ஓவியர், உரிமம் ஆகிய விவரங்கள் சில பக்கங்கள் வரும். தாள் மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுபவர்கள் அதிகம். கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0 உரிமத்தில் வருகின்றன. நகலெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். நிபந்தனை இதுதான்: யார் செய்தது, எந்த உரிமம் என்று சொல்ல வேண்டும், மாற்றியிருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். அந்தப் பக்கங்களைச் சிறிதாக்கிப் பின்னட்டையில் போட்டுவிட்டால் போதும், கூடுதல் தாள் வேண்டியதில்லை.

இந்த உரிமத்தால் கிடைக்கும் பெரிய வசதியை ஆசிரியர்கள் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. ஸ்டோரிவீவரிலேயே ஒரு கதையை எடுத்து வேறு நிலைக்கு மாற்றி எழுதலாம். மூலப்பக்கம் ஒருபுறம், எழுதும் பெட்டி மறுபுறம். ‘சொல்லிக்கொண்டிருந்தாள்’ என்பதைச் ‘சொன்னாள்’ ஆக்குவது, ‘அவள்’களை உதிர்ப்பது, ‘திறக்கப்பட்டது’ என்பதைத் ‘திறந்தது’ ஆக்குவது, நீண்ட வாக்கியத்தை இரண்டாக உடைப்பது. பன்னிரண்டு பக்கக் கதைக்கு இது ஒரு மணி நேர வேலை. கையில் கிடைப்பது தன் வகுப்புக்கு அளந்து தைத்த கதை. யூனிகோடில் தட்டச்சிடுவது முக்கியம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்ததை ஒட்டினால் ஒன்றும் புரியாத குறிகளாக வந்து விழும், முதலில் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்க வேண்டும். வெளியிடும் முன் சந்திப்பிழையை இன்னொருவர் பார்ப்பது நல்லது, வெளியிட்டதும் அது எல்லோருக்கும் தெரியும் பதிப்பாகிவிடும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2023-ல் வந்த வாசிப்பு இயக்கப் புத்தகங்களோடு ஒப்பிட்டால்? நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாக வந்த அந்தச் சிறு புத்தகங்கள் தமிழ்ப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே உருவானவை என்பதால் வாக்கிய ஓட்டத்தில் முன்னால் நிற்கின்றன. நிலைப் பிரிப்பும் தமிழுக்குப் பொருந்துகிறது. கைவசம் இருந்தால் அவற்றையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்தத் தொகுப்பும் ஒருநாள் தீர்ந்துபோகும். அதன் பிறகு ஒரே தடையை ஐந்து ஊர்ப் பிள்ளைகள் ஐந்து விதமாகச் சமாளிக்கும் கதைகளைத் தேட ஸ்டோரிவீவரைத் திறக்க வேண்டும்.

தமிழ்நாட்டு அரசின் அடிப்படைக் கற்றல் திட்டமான எண்ணும் எழுத்தும் வகுப்புகளில், கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து வைத்திருப்பவர்கள் மொட்டிலிருந்து தொடங்குவது பொருத்தம். மொட்டுக்கு நாம் சொன்ன எழுத்து எண்ணிக்கைச் சோதனையில் தேறிய முதல் நிலைக் கதைகள், மலருக்கு இரண்டாம் நிலை. அரும்பில் இருக்கும் பிள்ளை கதையைக் கேட்கட்டும், படத்தைப் பார்த்துப் பேசட்டும், ‘நேரமில்லை’ என்று கத்தட்டும். விரல் வைத்து வாசிக்கச் சொல்லி நெருக்க வேண்டாம், அந்தப் பிள்ளைக்கு இப்போதைக்கு வேண்டியது எழுத்து அட்டைதான்.